ஆனைக்கல் மலைக்கு வராத ஜீப்

அண்ணா, ஒரு கதை சொல்றேன். கேட்டு முடிக்கும்போது விலா நோகச் சிரிப்பீங்க, அதுக்கு நான் பொறுப்பு. ஆனால் சிரிப்பு இப்போ இல்லை. முதலில் வயிற்றெரிச்சல், அப்புறம் குமட்டல், நடுவில் கொஞ்சம் கெட்ட வார்த்தை, கடைசியில்தான் சிரிப்பு. முன்னாடியே கொடுத்துட்டா நீங்க சிரிச்சுட்டுத் தூங்கிடுவீங்க. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் இந்த நாற்றத்தோட நான் தனியா உட்கார்ந்து வரணும்.

நாற்றம் தெரியலையா உங்களுக்கு? முன் சீட்டுக்கு அடியில் கருவாட்டு மூட்டை. அதுக்குப் பக்கத்தில் யாரோ நேற்று எடுத்த வாந்தி. மேலே ஒரு கை மணல் தூவியிருக்காங்க, மரியாதைக்கு. தூ.

இருங்க, முதலில் வண்டியை நகர்த்துவோம். கண்டக்டர் டீக்கடையில் நின்னு ஊர்க்கதை பேசிட்டிருக்கார். வேடிக்கை பாருங்க. ‘ரைட்டு! போலாம் ரைட்டு! படியில நிக்காத, உள்ள எடம் கெடக்குது, உள்ள போ உள்ள போ!’

பார்த்தீங்களா, டிரைவர் கியரைப் போட்டுட்டார்! அதோ ஓடி வர்றார் கண்டக்டர், கையில் டீ கிளாஸோட. என்ன சார் முறைக்கிறீங்க? நானா? நான் வாயே திறக்கலையே. இந்த அண்ணாவைக் கேளுங்க.

அவ்வளவுதாண்ணா என் திறமை. ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே உள்ளே இறங்கிடும். எங்க ஹெட்மாஸ்டர் குரலில் பிரேயர் முடிஞ்சதும் ‘இன்று அரைநாள் விடுமுறை’ என்று மைக்கில் சொன்னேன். பாதிப் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஹெட்மாஸ்டருக்கே விஷயம் தெரிந்தது. என் பேர் நவநீதன். பதினொன்றாம் வகுப்பு. ஊர் ஆனைக்கல் மலை.

ஆனைக்கல் மலை தெரியுமா? தெரியாதா? சரி, தெரிஞ்சுக்கோங்க. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. மண் ரோடு. எதிரில் இருக்கே, குருவிமலை, அதுக்கு எட்டே எட்டு வளைவு. எட்டு! அதை மலைன்னு சொல்றதே அசிங்கம். மேடுன்னு சொல்லலாம். எங்க ஊரில் ஒருத்தனுக்குக் கோபம் வந்தால், ‘ஏன்டா, உன் யோக்கியதைக்கு எத்தனை வளைவுடா?’ என்றுதான் கேட்பான். வளைவு அதிகம் இருந்தால் மலை பெரிய மலை. ஏத்தம் பெரிய ஏத்தம். இதுக்கு ஒரு கணக்கு வேணுமா? குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் ஆபீஸ்காரங்களுக்குத் தெரியலை. அங்கே ஆரம்பிச்சதுதான் வினை.

ரெண்டு மலைக்கும் வண்டி கிடையாது. உடம்பு சரியில்லை என்றால் கம்பில் போர்வையைக் கட்டி, அதில் ஆளைப் படுக்க வைத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கணும். தூளி என்போம். எங்க அக்கா பூங்கொடிக்கு இப்போ எட்டாம் மாசம். போன வாரம் திடீரென்று வலி. தூக்கினோம். பின்கம்பு என் தோள். பாதி வழியில் மழை. சேறு கணுக்காலுக்கு மேல். அட்டை ஒன்று என் காதுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு ரத்தம் குடிக்கிறது, தட்டிவிடக் கை இல்லை. அக்கா கத்துகிறாள். முன்னால் போகிறவர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அக்கா தலை பாறையில் இடிக்க ஒரு சாண்தான் பாக்கி. அப்புறம் அது பொய் வலி என்று ஆகி, திரும்ப மேலே தூக்கிக்கொண்டு வந்தோம். நிஜ வலி வரும்போது என்ன செய்வது என்று வீட்டில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அக்கா மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ‘நவநீ, கம்பை நல்லா புடிச்சுக்குவியாடா?’ என்று கேட்கிறாள். இப்போ தெரியுதா எனக்கு ஏன் குமட்டுதுன்னு?

ஏன்னா எங்களுக்கு ஜீப் வந்திருக்கணும்ணா. கை வரைக்கும் வந்த ஜீப்.

மழைக்கு முன்னாடி சுகாதார ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவசரத்துக்கு ஒரு ஜீப் இருக்கு, ஒன்றுதான் இருக்கு, ரெண்டு மலையில் எது அதிகச் செங்குத்தோ அந்த மலைக்குத்தான் கொடுப்போம் என்று. எங்க ஊர்த்தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே சிரித்தார். ‘இதுல அளக்க என்ன இருக்குது? இருபத்திரெண்டு பெருசா, எட்டு பெருசா?’ நாங்கள் ஜீப் நிறுத்த இடம்கூடச் செதுக்கிவிட்டோம்.

அப்புறம் வந்தார் என்ஜினியர் குணசீலன். ஐயோ அந்த ஆள்! மூக்கில்தான் பேசுவார். பேசும்போது கடைவாயில் வெள்ளையாக எச்சில் சேரும், அதை நாக்கால் துழாவி உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்த வார்த்தை பேசுவார். எங்க டீக்கடையில் வைத்துப் பாடம் எடுத்தார். அப்படியே சொல்லிக் காட்டவா? ‘ங்ஹும்... வளைவெல்லாம் எண்ணக் கூடாதுங்க. ஸ்ப்... மலை எத்தனை மீட்டர் உசரம் தூக்குது, அதுக்கு எத்தனை மீட்டர் முன்னால போகுது, ஸ்ப்... உசரத்தைக் கிடைநீளத்தால வகுக்கணும். நூறு மீட்டர் முன்னால போறதுக்குள்ள முப்பது மீட்டர் தூக்கிச்சுன்னா நூத்துக்கு முப்பது. ஸ்ப்... அதாங்க சாய்வு.’

அந்த ‘ஸ்ப்’ எப்படி? அச்சு இல்ல? கடையில் இருந்தவர்கள் அவர் போன பிறகு என்னை நாலு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். வார்த்தை மாறாமல் சொன்னேன். ஆனால் அதில் என்ன இருக்கு என்று யார் கவனித்தார்? எனக்கு அந்த எச்சில்தான் முக்கியம். அதைப் பார்த்த பிறகு ரெண்டு நாள் மோர் குடிக்க முடியவில்லை.

அளக்கும்போது தில்லுமுல்லு கூடாது என்று மலைக்கு ஒரு பையன் சாட்சியாகக் கூட வரணும் என்றார். எங்க பக்கம் நான். குருவிமலைப் பக்கம் தீர்த்தகிரி. என் வகுப்புதான். அழுமூஞ்சி. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் ஜாதி. சாப்பிட்டுவிட்டுக் கையை நக்குவான், விரல் விரலாக, சத்தத்தோடு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன என்னால் முடியாது.

ஒவ்வொரு மலையிலும் மோசமான ஏத்தம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளப்பது என்று முடிவு. உயரத்தை என்ஜினியர் தானே ஒரு மிஷினை வைத்துப் பார்த்துக்கொண்டார், மேலே குடைக்குக் கீழே உட்கார்ந்தபடி. கிடைநீளம்தான் பெரிய வேலை. டேப்பைச் சரிவோடு படுக்கப் போட்டு இழுக்கக் கூடாதாம். மட்டமாக, காற்றில் பிடிக்கணுமாம். மேல்முனை தரையில், கீழ்முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் ஒரு முளை. அங்கிருந்து மறுபடி டேப். இப்படித் துண்டு துண்டாக இறங்கி, எல்லாத் துண்டையும் கூட்டினால் கிடைநீளம்.

டேப்பின் கீழ்முனையில் ஆபீஸ் ஆள் வேலாயுதம். மேல்முனையில் தீர்த்தகிரி. நான் நடுவில் சும்மா. வேலாயுதம் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணைக் கத்தணும், மேலே என்ஜினியர் எழுதிக்கணும். ஆனால் வேலாயுதத்துக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. புகையிலை. வாயைத் திறந்தால் தவளை. என்னைக் கூப்பிட்டு, ‘டேய் தம்பி, நீதான் எல்லாக் குரலும் பேசுவியாமே? நான் சொல்றதைப் பாறை மேல ஏறி நின்னு என் குரல்ல கத்திடு. அந்த ஆளுக்குப் பையன் குரல் கேட்டா எழுத மாட்டான், என்னைத்தான் பிடுங்குவான்’ என்றார்.

அண்ணா, பாலைக் கொண்டுவந்து பூனை முன்னாடி வைத்துவிட்டு, பூனைக்கு ஸ்பூனும் கொடுத்த மாதிரி!

பாறை மேலே ஏறினால் வேலாயுதத்துக்கு நான் கத்துவது கேட்காது, கீழே ஓடை இரைச்சல். என்ஜினியருக்கு வேலாயுதம் குரல்தான் கேட்கும். வேலாயுதம் ‘ஆறு’ என்று கீழே என் காதுக்குள் முனகுவார். நான் பாறைக்கு ஏறி, ‘ஒம்போது சாஆஆர்!’ மேலேயிருந்து, ‘ங்ஹும், ஒன்பது, எழுதியாச்சு.’ வேலாயுதம் ‘எட்டு’. நான், ‘பன்னெண்டு சாஆஆர்!’ எங்க மலையில் அளந்த ஏத்தம் நிஜத்தில் நூறு மீட்டர் நீளம்தான் வந்திருக்கும். அதை நான் நூற்றைம்பது ஆக்கினேன். என் வாயால் எங்க மலைக்கு அரை மலை சேர்த்தேன். எந்தப் பிள்ளை தன் ஊருக்கு இவ்வளவு செய்திருக்கிறான், சொல்லுங்க?

சிரிப்பு வருதா? அடக்குங்க. இது இல்லை அந்தச் சிரிப்பு. இன்னும் இருக்கு.

ஒரு இடத்தில் மாட்டியிருப்பேன். கூட்டிப் பார்த்துவிட்டு என்ஜினியர் மேலேயிருந்து கத்தினார். ‘வேலாயுதம்! ஸ்ப்... பார்க்க நல்ல செங்குத்தா தெரியுது, கணக்கு வேற மாதிரி வருதே! சரியாப் பார்த்தியா?’ நான் விடுவேனா? ‘ரெண்டு தடவை பார்த்தேன் சாஆஆர்! சாமி சத்தியமா சரி சாஆஆர்!’ அவர் தலையைச் சொறிந்துகொண்டு எழுதினார். பொடுகு அந்தத் தாளில் விழுந்ததைப் பாறையிலிருந்தே பார்த்தேன்.

மறுநாள் குருவிமலை. அங்கே நான் தலைகீழாகச் செய்தேன். வேலாயுதம் ‘பத்து’ என்றால் நான் ‘எட்டு சாஆஆர்’. அதுவும் நிஜத்தில் நூறு மீட்டர் இருந்திருக்கும். எண்பதாகச் சுருக்கிவிட்டேன். அந்த மேட்டை இன்னும் மேடாக்கிவிட்டேன்.

இப்போ கேளுங்க அண்ணா. இதோ வருது சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கோங்க.

தீர்த்தகிரி டேப்பின் மேல்முனையில், பாறைக்குப் பக்கத்திலேயே நிற்கிறான் இல்லையா? நான் கத்துவது எல்லாம் அவன் காதில் விழும். முதல் நாளே தெரிந்துவிட்டது அவனுக்கு. எங்க மலைக்கு நான் கூட்டிக் கூட்டிச் சொல்லும்போது அவன் என்ன செய்தான்? போய் மாட்டிவிட்டானா? இல்லை! விரலை நக்கிக்கொண்டு மெல்லக் கை தட்டினான்! ‘மாப்ளே, சூப்பர்டா. அப்படியே வேலாயுதம். இன்னும் கொஞ்சம் கூட்டுடா, உனக்குத் தைரியம் இருந்தா!’ நான் இன்னும் கூட்டினேன். மறுநாள் அவன் மலையில், ‘மாப்ளே, எங்க மலைக்குக் கம்மி பண்ணுவே இல்ல? பண்ணு பார்ப்போம். இன்னும் கம்மி. இன்னும்!’ தன் சொந்த மலையைத் தானே குறைக்கச் சொல்கிறான் அண்ணா! தன் ஊர் ஜீப்பைத் தன் வாயாலேயே தள்ளிவிடுகிறான்! கணக்கில் நூற்றுக்கு நூறாம்! நான் பாறையில் உட்கார்ந்து சிரித்ததில் அரைஞாண் கயிறு அறுந்துபோச்சு.

என்னண்ணா, சிரிக்கலையே? முட்டாள்தனம் புரியலையா உங்களுக்கு? சரி, முழுசாக் கேளுங்க, அப்புறம் சேர்த்துச் சிரிங்க.

முடிவு வந்தது. எங்க மலை உயரம் முப்பது மீட்டர், கிடைநீளம் நூற்றைம்பது. நூற்றுக்கு இருபதாம். குருவிமலை உயரம் இருபத்தைந்து, கிடைநீளம் எண்பது. நூற்றுக்கு முப்பத்தொன்றாம். ஜீப் குருவிமலைக்காம்!

எங்கேயாவது நடக்குமா இந்த அநியாயம்? உயரத்திலும் எங்க மலை அதிகம். நீளத்திலும் எங்க மலை அதிகம், ஏறக்குறைய ரெண்டு மடங்கு. எல்லாத்திலேயும் பெரியதாக இருக்கிற மலை தோற்குமாம், எல்லாத்திலேயும் சின்னதாக இருக்கிற மலை ஜெயிக்குமாம். இதை ஒரு ஆள் பணம் வாங்காமல் எழுதுவானா? சொல்லுங்க!

அந்த ஜீப் வந்த அன்று குருவிமலையில் விழா. மாலை, பலூன், மைக். எங்களையும் கூப்பிட்டார்கள், வெட்கம் இல்லாமல். கேசரியில் டால்டா கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று தடவை கழுவியும் போகவில்லை. தீர்த்தகிரி ஜீப் பானெட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கீழே குதித்து ஓடி வந்து, அந்த நக்கின கையால் என் கன்னத்தைக் கிள்ளி, ‘எல்லாம் உன்னாலதான்டா மாப்ளே. எங்க சனம் உன்னை மறக்காது’ என்றான். கிண்டல்! தோற்றவன் முகத்தில் கேசரி பூசுகிறான்! கன்னத்தை மண் போட்டுத் தேய்த்தேன்.

அதனால்தான் இன்றைக்குப் போறேன். இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸில் குறை கேட்கிற நாள். ஊர் மொத்தமும் விடியும் முன்னே அடிவாரத்திலிருந்து டெம்போவில் போயாச்சு. அதில் ஆட்டுப்புழுக்கை நாற்றம், நான் ஏறலை. நான்தான் பேசணும் என்று முடிவு. என்ஜினியர் லஞ்சம் வாங்கிக்கொண்டு மலையை மாற்றி எழுதினார் என்று கலெக்டர் முன்னால் சொல்லணும். அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். ‘ஸ்ப்... எனக்கு எவ்வளவு தருவீங்க?’ அந்த ஆள் வேலையே போயிடும். ஜீப் எங்களுக்கு வரும். அக்கா கம்பில் தொங்க வேண்டியதில்லை.

என்ன கேட்டீங்க? மறுபடி சொல்லுங்க, என்ஜின் இரைச்சல். நீளத்தைக் கூட்டினா எப்படிச் செங்குத்து அதிகமாகும்ங்கிறீங்களா?

அடக் கடவுளே. இவ்வளவு நேரம் யாரிடம் பேசினேன்? பெரிய மலைன்னா பெரிய ஏத்தம்! இதுகூடவா? சரி, மடியில் என்ன, மாட்டுக்கயிறா? புதுசா? கொடுங்க ஒரு நிமிஷம், காட்டறேன். சந்தையில் வாங்கினதா? நல்ல நீளம்.

இந்தா, ஒரு முனையைத் தலைக்கு மேல கம்பியில் கட்டறேன். இதுதான் மலை உச்சி. ரெண்டு மலைக்கும் இதே உச்சின்னு வச்சுக்குவோம், எங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. இப்போ குருவிமலை. எண்பது. நான் குறைச்சாச்சு. ரொம்ப முன்னால போகலை, அதனால கயித்தை இங்கேயே, என் காலுக்கடியில் மிதிச்சுக்கிறேன். பாருங்க, எவ்வளவு சின்னது! சுவரு மாதிரி நிக்குது, அவ்வளவுதான்.

இப்போ ஆனைக்கல் மலை. நீங்க இங்கேயே உட்கார்ந்து பாருங்க. நான் முனையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன். அம்மா, காலைக் கொஞ்சம் எடுங்க. கூடையைத் தள்ளுங்கம்மா, மலை வருது. நூறு ஆச்சு. நிஜம் இதுதான். இன்னும் போறேன். அண்ணா, கேட்குதா? இதோ, கடைசி சீட்டுக்கு வந்துட்டேன்! நூற்றைம்பது! தரையோட வச்சுப் பிடிச்சிருக்கேன்! எவ்வளவு பெருசு பாருங்க! பஸ் பாதிக்கு எங்க மலைதான்!

சார், கயித்தை மிதிக்காதீங்க. கொடி கட்டலை சார், துணி காயப்போடலை, இது மலை. டிக்கெட் எடுத்தாச்சு சார். தாண்டிப் போங்க. சும்மா காலைத் தூக்கி...

பார்த்தீங்களாண்ணா, கண்டக்டர் கூட... ஒரே எட்டில்...

இருங்க.

ஏன் இப்படிப் படுத்துக்கிச்சு இது? உச்சி அங்கேயேதானே இருக்கு? நான் அவிழ்க்கலையே. அண்ணா, கம்பியில் முடிச்சு சரியா இருக்கா பாருங்க. இருக்கா? நல்லா இழுத்துப் பாருங்க. இருக்கா.

அப்போ நான் நடக்க நடக்க...

நான் திரும்பி உங்ககிட்ட வர்றேன். எழும்புது. பின்னால போறேன். படுக்குது. முன்னால வந்தா எழும்புது. உசரத்தை... அந்த ஆள் என்ன சொன்னார்? உசரத்தைக் கிடைநீளத்தால வகுக்கணும். வகுக்கணும்னா... பெருசால வகுத்தா...

நூறு மீட்டர்தான் இருந்துச்சு அண்ணா. முப்பதை நூறால... நூற்றுக்கு முப்பது. அவங்களுக்கு இருபத்தைந்து. நான் வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தாலே ஜீப் எங்க...

தீர்த்தகிரி. கை தட்டினான். கம்மி பண்ணு, இன்னும் கம்மி பண்ணுன்னு... உன்னாலதான்டா மாப்ளேன்னு கன்னத்தை... அவன் கிண்டல் பண்ணலை. நிஜமா நன்றி சொல்லியிருக்கான், அந்த எச்சில் நாய்.

நீங்க ஏண்ணா இப்போ சிரிக்கிறீங்க? முதல்லயே தெரியுமா உங்களுக்கு?

சார், விசில் அடிக்காதீங்க. நான் இங்கே எறங்கலை. கலெக்டர் ஆபீஸ்னு தெரியும் சார், நான் அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துக்கறேன். வண்டியை எடுங்க. ரைட் சொல்லுங்க சார், எனக்கு இப்போ உங்க குரல் வரலை.

அதோ, ஆபீஸ் வாசல்கிட்ட எங்க ஊர்த்தலைவர். என்னைப் பார்த்துட்டார். எல்லாரும் பார்த்துட்டாங்க. பின்னால, வேப்பமரத்தடியில், கலெக்டருக்குக் காட்ட அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்காங்க அண்ணா. தூளியோட.